செனட்டுக்கு ஆள் பார்த்த அத்தான்

என் அக்கா விமலேஸ்வரியைக் கட்டிய அப்புத்துரை அத்தானைப் பற்றி யார் கேட்டாலும் நான் மறைத்துச் சொல்வதில்லை. நல்ல மனிதர், கள் குடிக்க மாட்டார், பெண்சாதிக்குக் கை ஓங்கியதில்லை என்று எங்கள் வாய்க்காலில் வயல் செய்கிறவர்கள் சொல்வார்கள். உண்மைதான். அதற்கெல்லாம் ஒருவர் கொஞ்சமாவது எழும்பி நிற்க வேண்டும். அத்தானிடம் வேலை செய்த உறுப்பு வாய் ஒன்றுதான்.

அவர் பிறந்தது வேலணையில். எட்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் வழக்கெழுதும் ஒரு பிரக்கிராசியாரிடம் எழுத்து வேலைக்கு இருந்தார். எசமானுக்குச் சட்டம் போதாது என்று சந்தியில் நின்று சொல்லித் திரிந்ததில் அந்த வேலை போயிற்று. பிறகு சும்மா இருந்தார். கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஐம்பதுகளின் தொடக்கத்தில் அக்காதான் அவரை மனுப் போட வைத்தாள். மூன்று ஏக்கர் வயலும் குடியிருக்க ஒரு மேட்டுக்காணியும் கிடைத்தன. நான் கட்டியவரை நெருப்புக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு நின்ற காலம் அது. அக்கா என்னையும் தன்னோடு கூட்டி வந்தாள். கட்டை வேர் பிடுங்கியதிலிருந்து களை எடுத்தது வரை நாங்கள் இருவரும்தான். காணி பெர்மிட்டில் இருந்தது மட்டும் அத்தானுடைய பெயர்.

அவருடைய உத்தியோகம் சந்தியில் நடந்தது. கொழும்பு ரயிலில் வந்திறங்கும் பேப்பர் காலையிலேயே யோகநாதனின் தேத்தண்ணிக் கடைக்கு வந்துவிடும். அத்தான் கடை வாங்கில் குந்தியிருந்து அதை விரிப்பார். யாரை மந்திரியாக்கப் போகிறார்கள், யாரை நீதியரசராக்கப் போகிறார்கள், எந்த ஆணைக்குழுவுக்கு யார் பெயர் அடிபடுகிறது என்று பார்த்து, ஒவ்வொருவரையும் தனக்கு முன்னால் நிறுத்தி வைத்திருப்பதுபோல விசாரிப்பார். சீமையில் படித்தவர் என்றால் ஊர்ச் சோறு இறங்காத ஆள். படிக்காதவர் என்றால் சபையில் வாய் திறக்க லாயக்கில்லாத ஆள். பணக்காரனுக்குப் பசி தெரியாது, ஏழை கையை நீட்டுவான். கிழவன் நித்திரை கொள்வான், இளந்தாரி ஆடுவான். அவர் கையில் தேறியவர் என்று ஒருவரை நான் அறியேன். தேறக்கூடிய ஓர் ஆள் இந்த நாட்டில் இருக்கிறார், அவரை மட்டும் ஒருவரும் வந்து கேட்கிறார்கள் இல்லை என்பது அவருடைய மனக்குறை. அந்த ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷம் செனட் சபையில் நியமன இடமொன்று வெறுமையானது. தமிழர் ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள் என்று பேப்பர் எழுதியது. மூன்று பெயர்களையும் போட்டிருந்தது. கொழும்பில் பெரிய வழக்குகள் பேசும் ஓர் அப்புக்காத்து, பெயர் பெற்ற டொக்டர் ஒருவர், இளைப்பாறிய கல்லூரி அதிபர் ஒருவர். யோகநாதன் கடையில் திருவிழா தொடங்கியது. எங்கள் வயலில், குளத்துத் தண்ணீரை நம்பிக் கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கு உழவு தொடங்க வேண்டிய நேரமும் அதுதான்.

ஒருநாள் காலை அக்கா என்னைச் சந்திக்கு அனுப்பினாள். நான் கடை வாசலில் போய் நின்றேன்.

"அத்தான், மேட்டுக்காணி வேலி விழுந்து கிடக்கு. மாடு உள்ளுக்கை பூந்திட்டுது. அக்கா உங்களை வரட்டாம்."

"வாறன், வாறன். இஞ்சை ஒரு முக்கியமான கதை நடக்குது," என்றார் அத்தான், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யோகநாதன் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு கேட்டார். "அப்ப, டொக்டர் சரிவராரோ அண்ணை?"

"டொக்டரோ? அந்தாள் சொந்தத் தமையனோட வேலிச் சண்டை பிடிச்சுக் கோடு வழக்கெண்டு ஏறினவர், தெரியுமோ? தன்ர வேலியைப் பாக்கத் தெரியாதவர் செனட்டிலை போயிருந்து நாட்டைப் பாப்பாரோ?"

வாங்கில் இருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். நான் திரும்பிப் போய் மாட்டைக் கலைத்து, விழுந்த வேலியைத் தூக்கி நிறுத்திக் கட்டினேன். வேலிக்கு நட்ட கிழுவங்கதியாலின் பால் கையெல்லாம் ஒட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வேலியை இரண்டு வரிசைக் கயிற்றால் கட்டினேன்.

எங்களுக்கு அந்தச் சிறுபோகம் விளையாட்டுக் காரியம் இல்லை. அதற்கு முந்திய மாரிக் காலபோகத்தை அறக்கொட்டிப் பூச்சி தின்றுவிட்டது. கொம்பறையில் கிடந்த நெல்லை இழுத்துப் பிடித்தால் ஆவணி வரைக்கும் காணும். அதற்குப் பிறகு உலை வைக்க வேண்டுமானால் சிறுபோகம் விளைய வேண்டும். குளத்தில் தண்ணீரும் குறைவு. எங்கள் வயல் வாய்க்காலில் கடைசிக்கு முந்திய வயல், கடைசி வயல் நடராசா அண்ணையுடையது. மேலே இருக்கிறவர்கள் விட்டால்தான் எங்களுக்குத் தண்ணீர்.

வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பங்கிடுகிறவரை வட்டவிதானை என்போம். சிறுபோகக் கூட்டத்தில் அரசாங்கக் காரியாதிகாரியின் முன்னால் கமக்காரர்கள் கை உயர்த்தி அவரைத் தெரிவு செய்வார்கள். அந்த முறை வீரகத்தியின் பெயர் அடிபட்டது. வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில் முதல் வயலும் ஒரு வாழைத் தோட்டமும் வைத்திருந்த சோம்பேறி. தன் காலடியில் தண்ணீர் நின்றால் உலகம் முழுக்க ஈரம் என்று நினைக்கிற மனிதர். நடராசா அண்ணை தானும் கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். கடைசி வயல்காரன் விதானையாக வந்தால், தண்ணீர் எங்கள் வயலைத் தாண்டாமல் அவருடைய வயலுக்குப் போக வழியில்லை. அக்காவுக்கு அது போதும்.

கூட்டத்துக்கு முதல் நாள் சோறு போடும்போது அக்கா அத்தானிடம் சொன்னாள். "இஞ்சேருங்கோ, நாளைக்கு நடராசா அண்ணைக்குக் கை உயர்த்துங்கோ. ஏன் எண்டு எழும்பிச் சொல்லுங்கோ. நீங்கள் கதைச்சால் நாலு பேர் கேப்பினம்."

"அதெல்லாம் எனக்குச் சொல்லித் தரவேணுமோ?" என்று அத்தான் இன்னொரு கரண்டி குழம்பு விடச் சொன்னார்.

கூட்டம் முடிந்து நடராசா அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் படலைக்கு வந்தார். முகத்தைப் பார்த்ததுமே எங்களுக்கு விளங்கிவிட்டது.

"வீரகத்திதான் தங்கச்சி. உங்கட அவரும் அவனுக்குத்தான் கை உயர்த்தினவர்."

நடந்தது இதுதான். காரியாதிகாரி வரப் பிந்திவிட்டார். அத்தான் பாடசாலை முற்றத்து மருதமரத்தின் கீழ் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அந்த இளைப்பாறிய அதிபரைச் சோதிக்கத் தொடங்கினார். அதிபருக்குச் சங்கீதம் தெரியும் என்பது தகுதியா தகுதிக் குறைவா என்று வாக்குவாதம். காரியாதிகாரி வந்து, விதைப்புத் திகதி சொல்லி, விதானை தெரிவுக்கு வந்தபோதும் அது முடியவில்லை. யாரோ வீரகத்தியின் பெயரைச் சொன்னார்கள். அத்தான் பின் வாங்கில் இருந்து, சங்கீதத்தைப் பற்றிப் பேசியபடியே, மற்றவர்களைப் பார்த்துத் தன் கையையும் உயர்த்தினார். நடராசா அண்ணையின் பெயர் வருமுன்னே கணக்கு முடிந்துவிட்டது.

அக்கா கேட்டபோது அத்தான் வெட்கப்படவில்லை.

"எல்லாரும் உயர்த்தினபடியால் நானும் உயர்த்தினனான். வாய்க்கால் திறந்து பூட்டுற வேலைதானே. அதுக்கு ஆர் எண்டால் என்ன?"

நான் பானையைக் கழுவுகிற சாக்கில் குசினிக்குள் போய்விட்டேன். அங்கே நின்றிருந்தால் வயதில் மூத்தவர் என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

விதைத்தோம். பயிர் நன்றாகத்தான் எழும்பியது. வைகாசி வரைக்கும் ஏதோ கொஞ்சம் தண்ணீர் வந்தது. ஆனி பிறந்து, கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவம் வந்து, பயிர் தண்ணீர் தண்ணீர் என்று நின்ற நேரத்தில் வாய்க்கால் காய்ந்தது. வீரகத்தியின் வயல் நிரம்பி, வாழைத் தோட்டத்துக்குள்ளும் தண்ணீர் ஓடியது. எங்கள் வயலில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அக்கா நேரே வீரகத்தியின் வீட்டுக்குப் போனாள். அவர் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடியே மறுமொழி சொன்னார்.

"உங்கட அவர் கை உயர்த்தித்தானே நான் வந்தனான். அவரை வரச் சொல்லுங்கோ. நான் பொம்பிளையளோட தண்ணிக் கதை கதைக்கிறேல்லை."

அக்கா அதையும் பொறுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த நாள் அந்தத் தண்ணீர் முறையின் கடைசி நாள். மத்தியானத்தோடு துருசைப் பூட்டிவிடுவார்கள். மறுமுறை வரும்வரை காத்திருந்தால் கதிர் பதராகிவிடும். அன்று விடியவே அக்கா அத்தானுக்கு வேட்டி எடுத்து வைத்தாள், சால்வையை மடித்துக் கையில் கொடுத்தாள்.

"வேற ஒண்டும் வேண்டாம். அரைநாள் தண்ணி. கேட்டுக்கொண்டு வாங்கோ. காலைக் கையைப் பிடிச்சாவது கேளுங்கோ."

"ஓம், ஓம். இண்டைக்கு அந்தாளை நான் ஒரு கை பாக்கிறன்," என்று அத்தான் போனார்.

நானும் அக்காவும் வயலுக்குப் போனோம். அக்கா தண்ணீர் உள்ளே வர வரம்பில் வக்கடையை வெட்டித் திறந்து வைத்துவிட்டு, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாய்க்காலையே பார்த்து நின்றாள். கீழே நடராசா அண்ணையும் அப்படித்தான் நின்றார். வெயில் ஏறியது. வாய்க்காலில் ஒரு நண்டு ஊர்ந்து போனது, தண்ணீர் வரவில்லை. சூரியன் உச்சிக்கு வந்து, துருசுப் பக்கமிருந்து வந்த ஒரு மாட்டுக்காரன் பூட்டியாயிற்று என்று சொன்னபோதுதான் அக்கா மண்வெட்டியைத் தோளில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அத்தானும் வந்துகொண்டிருந்தார். வாய் வெற்றிலையால் சிவந்து கிடந்தது. முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"விமலம், உந்த வீரகத்தியை நாங்கள் குறைவாய் எண்ணிப்போட்டம். நல்ல விசயகாரன். நான் போய் இருந்த உடனை, 'அண்ணை, செனட்டுக்கு ஆரைப் போடுறது நல்லது?' எண்டு கேட்டான். கதிரை போட்டு, வெத்திலைத் தட்டு வைச்சு, வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அப்புக்காத்தின்ர கதையை நான் அக்குவேறு ஆணிவேறாய்ப் பிரிச்சுக் காட்டினன். 'இப்பிடி ஒருத்தரும் எனக்கு விளங்கப்படுத்தேல்லை அண்ணை' எண்டு சொன்னான்."

அக்கா அவரை முடிக்க விட்டாள்.

"தண்ணி கேட்டனீங்களோ?"

அத்தான் சால்வையைத் தோளில் சரிசெய்தார். பிறகு எடுத்து மடித்தார். கேட்கவில்லை. மறந்தே போனார். அந்த வீரகத்தி, நான் வாயார ஏசுகிற அந்தச் சோம்பேறி, ஒரே ஒரு கேள்வியில் இந்த மனிதரை முழுக்க அளந்து எடுத்துவிட்டான். இத்தனை வருஷமாகப் பெரிய பெரிய மனிதர்களை அளந்த இவருக்கு அவனை அளக்கத் தோன்றவில்லை.

"நாளைக்கு விடியப் போய்க் கேக்கிறன்," என்றார்.

"வேண்டாம்," என்று அக்கா கிணற்றடிக்குப் போய்விட்டாள். அங்கே அவள் அழுதாள். நான் பக்கத்தில் போகவில்லை.

கதிர் வெள்ளையாய் வந்தது. பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அக்கா அரிவாளை எடுத்தாள். மாட்டுக்காவது ஆகட்டும் என்று நாங்கள் இருவரும் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தபோது, அத்தான் பேப்பரும் கையுமாக வரம்பால் வந்தார்.

"ஆளைப் போட்டிட்டாங்கள். இந்த மூண்டு பேரும் இல்லை. ஒருத்தரும் கேள்விப்படாத ஒரு ஆள். என்ன தகுதியைப் பாத்துப் போட்டாங்களோ தெரியேல்லை." அப்போதுதான் வயலைப் பார்த்தார். "என்ன நீங்கள் ரெண்டு பேரும் கிடந்து வெட்டுறியள்? கூலிக்கு ஒரு ஆளைப் பிடிச்சிருக்கலாமே."

அக்கா நிமிர்ந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் அத்தானுக்கு அது ஒரு மரியாதையாக இருந்திருக்கும்.

"கூலிக்கு ஆள் பிடிக்கிறது வீரகத்தி. திங்கக்கிழமை அவரின்ர வயலிலை நெல்லு அருவிவெட்டு. நானும் தங்கச்சி மலரும் போறம். கேட்ட உடனை வரச் சொல்லிப்போட்டார். எங்களிட்டை ஒரு தகுதியும் கேக்கேல்லை."

அத்தான் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார். வீட்டுக்குப் போவார் என்று நினைத்தேன். சந்திப் பக்கம் போனார்.

திங்கட்கிழமை விடிய நாங்கள் போனோம். வீரகத்தியின் நெல் இடுப்பளவு வளர்ந்து, பாரம் தாங்காமல் சாய்ந்து கிடந்தது. எங்கள் தண்ணீரைக் குடித்த நெல். பொழுதுபடும் வரை அதை வெட்டினோம்.