சுக்கு மணத்த மாத்திரைகள்

ஜமீலாவின் மகள் போனில் அழைத்தபோது காலைச் சாயா குடித்து முடித்துச் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. இன்னிக்கு விடியக்காலைல, தூக்கத்துலயே. முதல்ல அதச் சொல்லிட்டேன். நீங்க உக்காருங்க, மத்ததை மெதுவா சொல்றேன்" என்றாள். நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். ஆனாலும் இன்னொரு முறை உட்கார வேண்டும்போல இருந்தது.

அது அந்தப் பெண்ணின் பேச்சு முறை அல்ல, அவள் தாயின் பேச்சு முறை. கெட்ட செய்தியைச் சுற்றி வளைக்காமல் முன்னால் வைத்துவிடுவது. வைத்த பிறகு எழுந்து போய்விடாமல் எதிரில் இருப்பவரோடு கூடவே இருப்பது. ஜமீலாவோடு வேலை செய்த உங்களில் பலரும் அதற்கு ஆளாகியிருப்பீர்கள். இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்தேன், இரண்டு வாக்கியங்களுக்கு மேல் வரவில்லை. அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். எழுத்திலும் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. விட்டுப்போனவற்றை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஜமீலாவை 'மாத்திரை டீச்சர்' என்று அழைத்தார்கள். அவர் டீச்சர் அல்ல, மருந்தாளுநர். யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டத்தின் மருந்துக் கிடங்கு அவர் பொறுப்பில் இருந்தது. எந்த வார்டுக்கு எத்தனை பெட்டி, எப்போது போய்ச் சேர வேண்டும் என்று திட்டமிடுவது என் வேலை. இருவர் வீட்டிலும் தமிழ்தான். அவர் பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கொச்சி. கிடங்கில் ரகசியம் என்று எண்ணித் தமிழில் பேசிக்கொள்வோம். சுமை இறக்குபவர்கள் அதை மலையாளத்தில் திருப்பிச் சொல்லிக் காட்டும்வரை எங்களுக்கு அந்த மயக்கம் இருந்தது.

அந்த நோய் பரவாமலிருக்க வருடம் ஒருமுறை ஊரில் எல்லோருக்கும் இரண்டு வகை மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒன்று வடக்கேயிருந்து லாரியில் வரும். மற்றது நன்கொடையாகக் கப்பலேறி, பல அலுவலகங்களைச் சுற்றி வரும். இரண்டும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு வகை வந்ததுமே தொடக்க விழாவுக்குத் தேதி கேட்டு மேலிருந்து போன் வரும். எனக்கு மறுக்கத் தெரியாது. "பார்த்துச் சொல்கிறேன்" என்பேன். ஜமீலா ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். "சார், மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்துட்டார், பொண்ணு இன்னும் ரயில் ஏறல. நான் யாருக்குன்னு மேளம் வாசிக்கச் சொல்லட்டும்?" எதிர்முனையில் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். இரண்டும் கிடங்குக்கு வந்த பிறகே தேதி குறிப்போம்.

நாங்கள் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், இரண்டும் வந்து சேர்ந்த பிறகு மழை முந்திக்கொண்டது. கிடங்கின் கூரை ஒழுக ஆரம்பித்தது. பெட்டிகளை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றிக்கொண்டே இருந்தோம். ஒழுகலும் எங்கள் பின்னாலேயே வந்தது. பஜார் ரோட்டில் சுக்கு வியாபாரி ஒருவரின் குடோனில் பாதி இடம் காலியாக இருந்தது. சுக்குக்கு ஈரம் ஆகாது என்பதால் அங்கே தரை முதல் ஓடு வரை வறண்டு கிடக்கும். ஜமீலா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இதைவிட நல்ல இடம் கொச்சியிலேயே கிடைக்காது சாரே" என்றார். மரச்சட்டங்களை அடுக்கி, சுவரில் படாமல் பெட்டிகளை ஏற்றினோம். சுக்கு மணக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. மட்டாஞ்சேரியில் பல காலம் புழங்கியவர்களுக்கு அது ஒரு மணமாகவே படுவதில்லை.

குடோன் காவல்காரர் தாமோதரன். அவருக்கு இடது காலில் யானைக்கால். அதை ஒரு ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். தமிழ்நாட்டுச் சுமைத் தொழிலாளிகளோடு பழகிப் பழகி, தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒன்றாகவே வரும். கடைசிப் பெட்டி உள்ளே போனதும் ஜமீலாவைக் கேட்டார்: "டீச்சரே, இத்தனை பெட்டி. இதுல என் காலுக்குள்ளதும் உண்டாவும் அல்லே?"

நானாயிருந்தால், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்திருப்பேன். ஜமீலா சொன்னார்: "இல்ல சேட்டா. இந்த மாத்திரையால உங்க கால் சின்னதாகாது. மத்தவங்களுக்கு இந்தக் கால் வராம இருக்கத்தான் இது."

தாமோதரன் மழையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பின்னே நான் எதுக்கு இதுக்குக் காவல் கிடக்கணும்?"

"அதுக்குத்தான்."

சொல்லிவிட்டு ஜமீலா கிளம்பவில்லை. ஒரு காலிச் சாக்கை மடித்துப் போட்டு அந்தக் காலுக்கு எதிரில் உட்கார்ந்தார். தினமும் சோப்புப் போட்டுக் கழுவுவது, விரல் இடுக்கில் ஈரமே இல்லாமல் துடைப்பது, தூக்கி வைப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். "இது செஞ்சா காய்ச்சலும் புண்ணும் குறையும். கால் பழையபடி ஆகாது. அதையும் சொல்லிடறேன்" என்றார். அந்த உண்மை அன்று தேவைதானா என்று நான் மனத்துக்குள் கேட்டுக்கொண்டே நின்றேன்.

கூரை சரியானதும் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, வார்டு வாரியாகப் பிரிக்கத் திறந்தோம். அறை முழுக்கச் சுக்கு. ஜமீலா ஒரு டப்பாவை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. பிறகு சிரித்தார். "சாரே, கொஞ்சம் கருப்பட்டி மட்டும் கொண்டு வாங்க, காப்பி போட்டுரலாம்." சிரித்து முடித்ததும், "இடம் பார்த்தது நான். இது என் தப்பு" என்றார். ஒரு டப்பாவையும் வெளியே அனுப்பாமல் நிறுத்திவைத்து, மாத்திரைகளைச் சோதனைக்கு அனுப்பினார். மருந்தில் குறை ஏதுமில்லை, டப்பாக்களின் சீல் கெடவில்லை என்று பதில் வந்தது. மணம் அட்டையிலும் டப்பாவின் வெளிப்புறத்திலும்தான்.

மேலதிகாரி ஒருவர், "துடைத்துவிட்டுப் புதுப் பெட்டிகளில் அனுப்புங்கள், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம்" என்றார். அது எனக்கு நியாயமாகவே பட்டது. காய்ச்சல்காரருக்கு மாத்திரை கொடுப்பது எளிது. உடம்புக்கு ஒன்றுமில்லாதவரை விழுங்க வைப்பது எங்கள் வேலை. சந்தேகப்பட ஒரு காரணம் கிடைத்தால் ஒரு தெரு முழுக்கக் கதவைச் சாத்திவிடும். பிறகு அந்தத் தெருவில் கடிக்கும் கொசு நோயை அடுத்த தெருவுக்கு எடுத்துப்போகும். பல வருட உழைப்பு வீணாகும்.

ஜமீலா ஒப்பவில்லை. "துடைக்கலாம் சார். ஆனா இது மட்டாஞ்சேரி. இங்க மூக்கை வெச்சுத்தான் வியாபாரமே நடக்குது. கண்டுபிடிச்ச பிறகு நாம சொன்னா அது சமாளிப்பு. முன்னாடியே சொன்னா அது செய்தி" என்றார். பெட்டிகளோடு போன தொண்டர்களிடம், முதலில் குடோன் கதையைச் சொல்லுங்கள், பிறகு மாத்திரையை எடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

முதல் நாள் நண்பகலுக்குள் ஒரு தெருவிலிருந்து ஆள் வந்தது. அங்கே யாரும் வாங்கவில்லை. நாங்கள் போனபோது, இட்லிக்கடை நடத்தும் சரோஜா என்ற பெண் கூட்டத்தின் முன்னால் நின்றிருந்தார். தேனிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"குடோன்ல கெடந்ததுன்னு நீங்களே சொல்றீங்க. எலி ஓடுற எடம் அது. இதை எம்புள்ளைக்கு நான் குடுக்கணுமாக்கும்?"

"எலி ஓடுற இடம்தான்மா" என்றார் ஜமீலா. "பெட்டி பலகை மேல இருந்துச்சு. டப்பா சீல் உடையல. மருந்தைச் சோதிச்சுப் பார்த்தாச்சு, நல்லா இருக்கு. அங்க கொண்டுபோய் வெச்சது நான்."

"நீங்க சொல்லுவீங்க, சம்பளம் வாங்குறீங்கல்ல?"

கூட்டம் சிரித்தது. ஜமீலாவும் சிரித்துவிட்டார், ஆனால் அவர் கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இந்தத் தெரு கைவிட்டால் அடுத்ததும் விடும். சொல்லாமலே இருந்திருக்கலாமே என்ற எண்ணம் எனக்குள் எழுந்ததை மறைப்பதற்கில்லை.

அப்போது தெருமுனையில் தாமோதரன் வந்துகொண்டிருந்தார்; குடோன் எலிப் பேச்சு எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. அந்தக் காலோடு அவர் வந்து சேரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியிருந்தது.

"என்ன சரோஜே, எலியா? ராவும் பகலும் அங்க கிடந்தது நானல்லே? எலி வந்தா ஆத்யம் என்னைத்தான் கடிக்கும். தின்ன அவ்வளவு இருக்கு!" என்று வேட்டியை விலக்கிக் காலைக் காட்டினார். இந்த முறை சிரிப்பு வேறு விதமாக இருந்தது.

"இதுல என் காலுக்கு மருந்து உண்டான்னு நான் இந்த டீச்சர்கிட்ட கேட்டேன். இல்லைன்னு என் முகத்தை நோக்கிச் சொல்லிட்டா. உண்டுன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா சந்தோஷமா காவல் கிடந்திருப்பேன். எனக்காகக்கூட அந்தப் பொய்யைச் சொல்லாதவ, உனக்கு வந்து பொய் சொல்லுவாளாடி?"

சரோஜா அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளங்கையில் இருந்த மாத்திரையைப் பார்த்தார். ஜமீலாவிடம், "சோறு தின்னுட்டுத்தான முழுங்கணும்?" என்று கேட்டார்.

எல்லாக் கதவுகளும் திறந்தன என்று எழுத எனக்கும் ஆசைதான். சில திறக்கவில்லை. மாலையில் மீதி டப்பாக்கள் திரும்பி வந்தபோது, அவற்றை அனுப்பியபோது இருந்த அதே கவனத்தோடு ஜமீலா வாங்கி அடுக்கினார். "வாங்காதவங்களை வாங்கலன்னே எழுதுங்க சாரே. அடுத்த வருஷம் அங்கிருந்து ஆரம்பிப்போம்" என்றார். தாமோதரனுக்கு நன்றி சொல்ல அன்று அவர் குடோனுக்குப் போனார். காலைக் கழுவியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, கழுவவில்லை என்று திட்டிவிட்டும் வந்தார். அதன் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அவ்வப்போது தாமோதரனைப் பார்க்கப் போவோம். ஓய்வுக்குப் பிறகும் அது நிற்கவில்லை.

போன வாரம் ஜமீலாவின் மகள் மறுபடி அழைத்தாள். "தாமோதரன் மாமாகிட்ட சொல்லிட்டீங்களா அங்கிள்?" நான் சொல்லியிருக்கவில்லை. அவர் இப்போது கொச்சியிலேயே தோப்பும்படி என்ற பகுதியில் மகளோடு இருக்கிறார். எங்கும் போவதில்லை, யாரும் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. ஆட்டோவில் போகும்போது, எங்கே தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். முதலில் மழையைப் பற்றி, பிறகு அவர் உடம்பைப் பற்றி, பிறகு ஜமீலாவுக்குக் கொஞ்ச நாளாக முடியவில்லை என்று.

அவர் வாசலில் காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாளியும் சோப்பும் இருந்தன. என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "சார் தனியா வந்தோ? டீச்சர் எங்கே?" என்றார்.

படியில் நின்றபடியே சொன்னேன்: "ஜமீலா போயிட்டாங்க, தாமோதரா."

அவர் ஸ்டூலில் இருந்த காலைக் குனிந்து பார்த்தார். பிறகு, "நேரா சொல்லிட்டீங்களே சார். நன்னாயி" என்று வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஜமீலாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதுதான்: கெட்டதை முதலில் சொல்வது, சொன்ன பிறகு எழுந்து போகாமல் இருப்பது. முதல் பாதியை எப்படியோ செய்துவிட்டேன். ஒரு நாற்காலியை இழுத்து அந்தக் காலுக்கு எதிரில் போட்டுக்கொண்டு, தாமோதரன் துண்டை எடுத்துக் கடைசி விரல் இடுக்கையும் துடைத்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.