பதினொரு ஒன்றுகள்

ஒன்று என்ற இலக்கத்தைப் பதினொரு முறை அடுத்தடுத்து எழுதினால் வரும் எண் அது. அரசு மருத்துவமனைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, திருத்தி முடித்த விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் என் அக்கா அதை எழுதினாள். கட்டிலில் அவளுடைய ஆறு வயது மகள் மூளைக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். எண்பதுகளின் தொடக்கம். பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் குழந்தை வழி தாங்காது என்று டாக்டர் கைவிரித்திருந்தார்.

அக்கா சங்கரன்கோவிலில் கணக்கு டீச்சர். நேர்ச்சை, நாள் நட்சத்திரம் எதையும் ஏற்காதவள். மாமியார் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துக் குழந்தையின் நெற்றியில் பூசியபோது மட்டும் நகர்ந்து இடம் விட்டாள். பிறகு என்னிடம் ஒரு தாளை நீட்டினாள்.

“ஏட்டி, இந்த எண்ணை எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியலன்னா எம்பிள்ளை பொழச்சுக்கிடுவா. நீயும் பாதி போடு.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டேன். நானும் கணக்கு படித்தவள்தான். எல்லா எண்களையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, இருபத்திரண்டின் மடங்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் பகா எண்களே போதும் என்று அக்கா கண்டுவைத்திருந்தாள். இருபத்து மூன்று, அறுபத்தேழு, எண்பத்தொன்பது என்று தொடங்கினோம். மீதி விழும்போதெல்லாம் அவள் குழந்தையின் பாதத்தைத் தொட்டுக்கொள்வாள். இரண்டு நாளில் இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டோம்.

மூன்றாம் நாள் மதியம் என் பங்கில் 21649 வந்தது. கடைசி வரியில் பூஜ்யம் விழுந்தது. நம்பாமல், ஈவாக வந்த 513239-ஐ அதனால் பெருக்கிப் பார்த்தேன். பதினொரு ஒன்றுகளும் வரிசையாக வந்து நின்றன.

“என்னட்டி மீதி?”

“பதினேழுக்கா.”

“சரி, அடுத்ததைப் போடு.”

தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டேன். சற்று நேரத்தில் குழந்தை கண் திறந்தாள். “அம்மா” என்றாள், தெளிவாக. அக்கா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. “இரு மக்கா, இது ஒண்ணை மட்டும் முடிச்சிட்டு வாரேன்” என்றாள். “அக்கா, அவளைப் பாரு!” என்று கத்தினேன். பேனாவைப் போட்டுவிட்டு அவள் திரும்புவதற்குள் அந்தக் கண்கள் மூடிக்கொண்டன. பிறகு திறக்கவேயில்லை. மறுநாள் காலை எல்லாம் முடிந்துபோனது.

வகுபட்டுவிட்டது என்று உள்ளதைச் சொல்லியிருந்தால், அக்கா அந்த நிமிஷமே பேனாவை எறிந்துவிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். குழந்தை கண் திறந்தபோது அம்மாவின் முகம் எதிரே இருந்திருக்கும். அக்காவுக்கு ஆறுதலாகட்டும் என்று நான் சொன்ன பொய்தான் அவளைக் கணக்கிலேயே உட்கார்த்திவைத்தது. இதைச் சொல்லிவிட எத்தனையோ தடவை அவள் எதிரே போய் நின்றிருக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள் அக்கா சொன்னாள்: “அந்தக் கணக்கை நாம பாதியில விட்டுட்டோம்ட்டி. கடைசி வரைக்கும் போட்டிருந்தா அவ இருந்திருப்பா.”

“ஆமாக்கா” என்றேன்.

அவள் எழுந்து போய்த் தாள்களை எடுத்துவந்து, விட்ட இடத்திலிருந்து வகுக்கத் தொடங்கினாள். நானும் எதிரே உட்கார்ந்து என் பாதியை வாங்கிக்கொண்டேன்.