உருளை போகாத வளைவு

ஆல்டர்மியர் பொருட்காட்சி மைதானத்தின் பந்தயப் பாதையைப் பதினான்கு வருஷம் பார்த்துக்கொண்டவர் லாக்லன் முன்ரோ. அரை மைல் சுற்று, முழுக்கக் களிமண். பூட்ஸ் குதிகாலை மண்ணில் அழுத்தி ஒரு திருகு திருகுவார். இன்னும் எத்தனை வண்டித் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிடுவார். வெளியூரிலிருந்து வரும் குதிரைக்காரர்கள் அவரைக் கேட்காமல் லாடம் மாற்ற மாட்டார்கள்.

பத்தொன்பது வயதில் கனடாவின் கிழக்கே ஒன்டாரியோவிலிருந்து கிளம்பி, ரயில் பாதைக்கு மண் அணைக்கிற கூட்டத்தில் நான்கு குதிரைகளை ஓட்டிக்கொண்டே மேற்கே வந்தவர். அந்த வேலை சஸ்காட்செவனில், ஆல்டர்மியர் என்ற இந்தச் சின்ன ஊரில் முடிந்தது. கூட இருந்தவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். இவர் ஓட்டல் சலவையறையில் வேலை பார்த்த ஜெஸ்ஸியைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில் வந்த விஷக்காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அவர் வீட்டில் இருந்ததைவிடக் குதிரை லாயத்தில் இருந்ததுதான் அதிகம்.

பாதையை அவர் மிருதுவாக வைத்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், பார்வையாளர் காலரிக்கு எதிர்ப்புறம், பின்பக்க நேர்பாதை முடியும் தொலை வளைவில், இறுகிக் கிடந்த மண்ணில் ஒரு பெண்குதிரை முன்காலை முறித்துக்கொண்டது. மிருக வைத்தியர் துப்பாக்கியை எடுத்து வரும்வரை அதன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் லாக்லன்தான். அதிலிருந்து, மண்ணைக் கிளறும் இரும்புப் பல் வைத்த பலுகை முதலில் அந்த வளைவில்தான் இழுப்பார். மண் பொலபொலவென்று வரும்வரை விடமாட்டார். முன்ரோ பாதை போடுவதில்லை, மெத்தை போடுகிறார் என்று ஊரில் கேலி செய்வார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கார்ப் பந்தயம் பிறகு வந்தது. ஜூலைக் கடைசியில் நடக்கும் பொருட்காட்சியின் கடைசி நாளான சனிக்கிழமைதான் அதற்கு. கார்கள் ஓடி முடித்தால் பாதை உழுத வயல் மாதிரி ஆகிவிடும், குதிரைகளுக்கு உதவாது. அதனால் குதிரைப் பந்தயம் எல்லாம் வெள்ளியோடு முடிந்துவிட வேண்டும் என்பது வழக்கம். கார்களின் மேல் லாக்லனுக்குக் கோபம் இருந்ததில்லை. அதற்கு எங்கேயும் வலிக்காது, அதனால் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்பார்.

டோர்வால்ட் லீன் அவருக்குப் பிடித்த ஆள். நார்வேக்காரர்களின் தேவாலயத்துக்குப் பின்னால் கார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். அவன் சாமானோடு மல்லுக்கட்டும்போது, மனைவி சோல்வெய்க் பெட்ரோல் அடித்துக் கொடுத்துக் கல்லாவையும் பார்ப்பாள். கவிழ்ந்து போன ஒரு பழைய காரை வாங்கி, மேல் தகரத்தை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு மர இருக்கையை முடுக்கி, அதைப் பந்தயக் காராக்கியிருந்தான். போன வருஷம் மூன்றாவதாக வந்தான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு. பொருட்காட்சி வாரத்தில் புதனும் வியாழனும் மழை. வியாழன் சாயங்காலம் தூறலோடு தூறலாக டோர்வால்ட் லாயத்துக்கு வந்தான்.

"பெரிசு, சனிக்கிழமை எனக்கு மெத்தை வேணாம். தரை வேணும்," என்றான். "அந்தத் தொலை வளைவை உள்வேலி வரைக்கும் உருளை விட்டுக் குடுங்க. பலுகு இழுத்த மண்ணுல சக்கரம் இறங்குச்சுன்னா நான் பிடிச்சு நிறுத்த முடியாது. தூசி கிளம்புச்சுன்னா பின்னாடி வர்றவனுக்கும் கண்ணு தெரியாது."

"உருட்டித் தர்றேன்," என்றார் லாக்லன்.

அவன் போகவில்லை. காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வாருங்கள், நான் ஏன் கேட்கிறேன் என்று உங்கள் முதுகெலும்பே சொல்லும் என்றான். ஐம்பத்து நான்கு வருஷமாகப் பேசாமல் இருக்கிற முதுகெலும்பு, அதைப் பேச வைக்க வேண்டாம் என்று லாக்லன் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை வெயிலும் காற்றும் அடித்து மண் காய்ந்தது. பொருட்காட்சிச் செயலாளர் பெட்டிகுரூ நிகழ்ச்சியை மாற்றினார். மழையில் நின்றுபோன குதிரைப் பந்தயங்கள் சனிக்கிழமை காலையில். இரண்டு மணிக்குக் கார்கள். குதிரைகளின் இறுதிச் சுற்று மட்டும் ஐந்து மணிக்கு. கூட்டம் சாயங்காலம்வரை கலையாமல் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கார்கள் ஓடிய பாதையில் குதிரைகளா என்று லாக்லன் கேட்டார். நடுவில் ஒரு மணி நேரம் தருகிறேன், பலுகு போட்டுக்கொள் என்று பெட்டிகுரூ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காலைப் பந்தயம் முடியும்போது பன்னிரண்டு. லாக்லன் நான்கு குதிரைகளைப் பூட்டி, தண்ணீர் வண்டியை முன்னால் விட்டு, பின்னால் இரும்பு உருளையை இழுத்தார். காலரிப் பக்கம், முதல் வளைவு, பின்பக்க நேர்பாதை எல்லாவற்றையும் வேலி முதல் வேலிவரை உருட்டினார். தொலை வளைவுக்கு வந்ததும் குதிரைகளை நிறுத்தினார்.

ஒருமுறை உருளையும் போய், அதன் மேல் கார்களும் ஓடிவிட்டால் அந்தக் களிமண் கல்லாகிவிடும். ஒரு மணி நேரத்தில் எந்தப் பலுகாலும் அதைப் பொடியாக்க முடியாது. ஐந்து மணிக்குக் குதிரைகள் அந்த இடத்தில்தான் உள்வேலியை ஒட்டித் திரும்பும். அவர் உருளையைக் கொஞ்சம் வெளியே தள்ளிப் போட்டு இழுத்தார். உள்வேலி ஓரமாகப் பத்தடி அகலம், வளைவு முழுக்க, காலையில் பலுகு இழுத்தபடியே கிடந்தது. அவ்வளவு வேகத்தில் வருகிறவன் வெளிப்பக்கமாகத்தான் விலகிப் போவான், உள்ளே ஒட்டி யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஒருமுறைகூடக் காரில் அந்த வளைவைத் திரும்பிப் பார்க்காதவரின் யோசனை அது.

ஆனாலும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கார்கள் நிற்கும் இடத்துக்குப் போனார். ஐந்து கார்களும் உறுமிக்கொண்டிருந்தன. டோர்வால்ட் ஏறி உட்கார்ந்துவிட்டான். சோல்வெய்க் அவனுடைய தூசுக் கண்ணாடியை இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் துடைத்துக்கொண்டிருந்தாள். லாக்லனைப் பார்த்ததும் அவன் கையை வட்டமாகச் சுழற்றி, வளைவு ஆயிற்றா என்று சைகையிலேயே கேட்டான்.

லாக்லன் தலையாட்டினார்.

இருபது சுற்று. முதல் பத்துச் சுற்றில் டோர்வால்ட் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தான். லாக்லன் தண்ணீர் வண்டியின் மேல் நின்று தொலை வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக, உருளை போன தடத்தில்தான் போனார்கள். அவருக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது. பதினோராம் சுற்றில் முன்னால் போனவன் கொஞ்சம் அகன்று திரும்பினான். உள்ளே வழி கிடைத்ததும் டோர்வால்ட் வேலியை ஒட்டி நுழைந்தான். ஓட்டத் தெரிந்த எவனும் செய்வது அது.

அங்கே தூசி எழுந்தது. அதுவரை எழாத உயரத்துக்கு, கம்பத்துக் கொடி மறையும் அளவுக்கு. அதற்குள் ஐந்து கார்கள் போயின. லாக்லன் எண்ணினார். நான்குதான் வெளியே வந்தன.

அவர் ஓடிப் போனபோது வேலியின் இரண்டு கம்பங்கள் பிடுங்கிக்கொண்டு கிடந்தன. டோர்வால்ட் புல்லில் மல்லாந்து கிடந்தான். டாக்டர் வந்து குனிந்து பார்த்துவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றினார். பத்தடி மண்ணில் இடது சக்கரம் அச்சுவரை இறங்கிய பள்ளம் ஒன்று, ஏர்ச்சால் மாதிரி நேராகக் கிடந்தது.

நாலு மணிக்கு பெட்டிகுரூ அவரைத் தேடி வந்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் கையில் நிகழ்ச்சித் தாள் இருந்தது. மூவாயிரம் பேர் காலரியில் இருக்கிறார்கள், இப்போது அனுப்பினால் ரகளை ஆகும், குதிரைகள் ஓடியே ஆக வேண்டும் என்றார். லாக்லன் பலுகைப் பூட்டினார். முதல் சுற்றிலேயே அந்தப் பள்ளம் மூடிப்போனது. இரண்டாவதில் உருளை போன இடமும் போகாத இடமும் எது எது என்று தெரியவில்லை. மூன்றாவதில் வளைவு முழுக்க ஒரே மண்.

அந்த வளைவைப் போலீஸ் பார்க்கும்வரை தொடாமல் விடுவோம் என்று வேறு யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. தோன்றிய பிறகும் ஏன் பலுகு இழுத்த குதிரைகளை நிறுத்தவில்லை? செயலாளர் சொன்னதாலா, அந்தப் பள்ளம் கண்ணில் படாமல் போகட்டும் என்றா? இந்தக் கேள்வியோடுதான் அவர் பிறகு படுத்தார், எழுந்தார். பதில் ஒருநாள் ஒன்றாகவும் மறுநாள் வேறாகவும் இருந்தது.

திங்களன்று மரண விசாரணை. விசாரணைக்கு அமர்த்தப்பட்ட ஊர்க்காரர்கள் ஆறு பேர் பாதையைச் சுற்றி நடந்து, ஆங்காங்கே பூட்ஸ் நுனியால் அழுத்திப் பார்த்தார்கள். எங்கும் ஒரே மாதிரி இருந்தது. பாதை நல்ல நிலையில் இருந்ததா என்று லாக்லனைக் கேட்டார்கள். "தண்ணி அடிச்சிருந்தேன், உருளையும் விட்டிருந்தேன்," என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. தூசியும், ஓட்டியவரின் அளவு மீறிய வேகமும் காரணம், யார் மேலும் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த ஒரு வரி ஊரெல்லாம் பரவியது. முடிதிருத்தும் கடையில் ஒருவன், அவசரக்காரன், சொர்க்கத்துக்குக்கூட எல்லாரையும் முந்திக்கொண்டு போய்விட்டான் என்றான். பெண்டாட்டியைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் அப்படி ஓட்டியிருப்பானா என்று பெண்கள் பேசினார்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்களும் சோல்வெய்க்கிடம் இதையே கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்கள்.

லாக்லன் இலையுதிர் காலம் முழுக்க அவளுக்கு விறகு பிளந்து கொடுத்தார். அடுப்புக் குழாயைச் சரி செய்தார். கடைக் கதவுக்குப் புதுக் கீல் போட்டார். அவள் காப்பி கொடுப்பாள். உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெய் தடவி வைப்பாள். காப்பியை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். அக்டோபரில் ஒருநாள் அவள், ரொட்டியைத் தொடவே மாட்டேன் என்கிறீர்களே, என் சமையல் அவ்வளவு மோசமா என்று கேட்டாள். டோர்வால்ட் போன பிறகு அவள் வேடிக்கையாக எதையும் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். பத்தடியை, ஐந்து மணிக் குதிரைகளை, பிறகு போட்ட பலுகை.

அவள் ரொட்டித் தட்டை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினாள்.

"அவர் கேட்டப்ப நீங்க தலையாட்டினீங்க," என்றாள். "நான் பக்கத்துலதான் நின்னேன்."

"ஆமா."

"அவர் உள்பக்கம் போனது தப்பா?"

"இல்லம்மா. அதான் சரியான வழி. தரை மட்டும் நான் சொன்ன மாதிரி இருந்திருந்தா முந்தியிருப்பான்."

"இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவரைப் பைத்தியக்காரன்னு நான் சொல்லலையே. சொன்னவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

மறுநாளிலிருந்து அவள் அவரை விறகில் கை வைக்க விடவில்லை. தானே பிளந்துகொண்டாள்.

ஜனவரியில் நகர மண்டபத்தில் பொருட்காட்சிச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். வெளியே பனிக்காற்று, உள்ளே அறுபது பேர். சோல்வெய்க் கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பன்றிக் கொட்டகைக்குக் கூரை போடுவது பற்றிப் பேசி முடித்ததும் லாக்லன் எழுந்தார். மேடைப் பேச்சு பழகாதவர். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். வளைவை உருட்டித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டதையும், உருட்டாமல் விட்டதையும், ஆயிற்று என்று தலையாட்டியதையும், அடையாளம் இல்லாமல் பலுகு இழுத்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார்.

"டோர்வால்ட் வேகமா ஓட்டிச் சாகலை," என்றார். "என் பேச்சை நம்பி ஓட்டினான்."

ஆட்கள் பூட்ஸிலிருந்து உருகி வழியும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசாரணையில் உட்கார்ந்த ஆறு பேரில் ஒருவர் எழுந்து, நாங்கள் காலால் மிதித்துப் பார்த்தோமே முன்ரோ, மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதானே இருந்தது என்றார். அதைத்தான் சொல்கிறேன், நான் மறைத்துவிட்டேன் என்றார் லாக்லன். பெட்டிகுரூ மெதுவாக, நீங்கள் களைத்திருக்கிறீர்கள், ஜெஸ்ஸி போனதிலிருந்து தனியாகவே இருக்கிறீர்கள், யாரும் உங்கள் மேல் ஒரு சொல் சொல்லவில்லையே என்றார். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். அது கோழிப் போட்டிக்கு நடுவர் யார் என்பது.

கூட்டம் கலைந்தபோது லாக்லன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். யாராவது ஏசுவார்கள், வேலையைவிட்டுப் போ என்பார்கள் என்று நினைத்தார். குதிரை லாயக்காரர் ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அந்தப் பொண்ணுக்காக நீங்களே பழியைத் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டீங்க பாருங்க. இந்த ஊர்ல வேற எவன் செய்வான்? பெரிய மனசு உங்களுக்கு."

அவர் இல்லை என்றார். அது நடந்தது, நிஜமாகவே நடந்தது என்றார். லாயக்காரர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அடுத்தவரும் கை கொடுத்தார். அதற்கடுத்தவரும். அவர் இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்கள் பிடி இன்னும் கனிவாகியது.

எல்லோரும் போன பிறகு சோல்வெய்க் வந்தாள். கையுறையை மாட்டிக்கொண்டே அவர் எதிரில் நின்றாள்.

"யாரும் நம்பலை," என்றார் லாக்லன். "நான் சொல்லித்தான் பார்த்தேன்."

"கேட்டேன்."

அவள் கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. கை கொடுக்கவில்லை.

"நான் நம்புறேன், மிஸ்டர் முன்ரோ," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.