மூவாயிரத்து நானூறு வரைக்கும்

நரின் நகரத் தொலைபேசி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு வெளியூர் இணைப்புக் கொடுத்துவந்தவள் புருல்கான். போதும் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு. மூன்று முறை மாற்றல் கேட்டாள். "உன்னை மாதிரி காது யாருக்கு இருக்கு?" என்று மூன்று முறையும் மறுத்துவிட்டார்கள்.

அந்தக் காதுதான் இப்போது போய்க்கொண்டிருந்தது. மகன் கட்டிவந்த பெண்ணின் பெயர் ஸைகால். இவள் ஒரு வாரம் 'ஐகால், ஐகால்' என்று கூப்பிட, வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு வாயைத் திறப்பாளா? மாமியார் முன்னால் மருமகள் குரலை உயர்த்தக் கூடாது என்பது நம் வழக்கம். அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு காற்றோடு காற்றாகத்தான் பேசும். புருல்கானுக்கு ஒரு வார்த்தை விளங்காது. செவிடு என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பேசாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்துபோய்விடுவாள்.

ஒருவழியாக டாக்டரிடம் போய் காகிதம் வாங்கிவந்தாள். இனி விட்டுவிடுவார்கள், வீட்டில் இருந்து அந்தப் பெண்ணின் உதட்டைப் பார்த்தாவது பேச்சைப் பிடித்துவிடலாம் என்று அவளுக்கு ஆசை. நிலையத்து இன்ஜினியர் துருஸ்பெக் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"நொடிக்கு நாலாயிரம் அதிர்வுக்கு மேல உள்ள சத்தம்தான் கேக்காமப் போயிருக்குக்கா. ஸ, ஷ எல்லாம் பெரும்பாலும் அங்கதான் இருக்கு. நம்ம கம்பி முந்நூறுல இருந்து மூவாயிரத்து நானூறு வரைக்கும்தான் விடும். மிச்சத்த யாருக்குமே குடுக்காது."

"அதனால?"

"லைன்ல நீங்களும் ஒண்ணு, நானும் ஒண்ணு. ஓய்வு வயசு வரைக்கும் உக்காருங்க."

'வேலைக்குத் தகுதி' என்று முத்திரை விழுந்தது. புருல்கான் திரும்பப் போய்க் காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் மதியம், நிலையத்து முன்கூடத்தில் வெளியாட்கள் பேசும் இரண்டாம் கூண்டிலிருந்து தலாஸ் ஊருக்கு ஓர் அழைப்பு. இணைத்துவிட்டு, லைன் சரியா என்று காது கொடுத்தாள். தூரத்து ஊர் என்பதால் பேசுகிறவள் கத்திப் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

"அம்மா, நான் ஸைகால். ஆறு மாசமா சுவத்துகிட்ட பேசிட்டிருக்கேன்மா. முழுகாம இருக்கேன்னு அத்தைகிட்ட சொன்னேன். டீயக் குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நாளைக்கு பஸ் ஏறி வந்துடுறேன்."

குறுக்கே பேசினால் வேலை போய்விடும். போகட்டும் என்று, தன் குரலும் லைனில் போகும்படி விசையைத் தள்ளினாள்.

"ஸைகால், நான்தான், அத்தை. எனக்குக் காது போச்சும்மா. வீட்ல நீ பேசுறது ஒண்ணுமே கேக்கல. இங்க மட்டும்தான் கேக்குது. போயிடாதம்மா. என்ன சொன்ன, திரும்பச் சொல்லு."

மாமியார் என்று தெரிந்ததுமே ஸைகால் குரலைத் தாழ்த்திவிட்டாள். கருவியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பார்த்தாள் புருல்கான். கம்பியின் இரைச்சல்தான் கேட்டது.