சொல்லும், நிறுத்தாது

கொட்டாஞ்சேனையில் என் வீட்டில் இருப்பது அலுவலக லெப்டொப். அதன் அட்மின் பாஸ்வேர்ட் என்னிடம் இல்லை. கெமராவும் மைக்கும் எனக்குத் தெரியாமல் இயங்கிவிடுமோ என்ற பயத்தில், அந்தப் பாஸ்வேர்ட் கேட்காத ஒரு சிறிய கண்காணிப்பு மென்பொருளைப் போட்டேன். மைக் இயங்கினால் திரையின் மூலையில் சிவப்புக் குறி தோன்றும். தேவை முடிந்ததும் மைக்கை அதுவே நிறுத்திவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

முகத்துவாரத்தில் இருக்கும் மாமியோடு, அதாவது கணவரின் அம்மாவோடு, மாலையில் லெப்டொப் வழியாகத்தான் செபமாலை சொல்வோம். அழைப்பைத் துண்டிக்க மாமிக்குத் தெரியாது. அன்று செபம் முடிந்த நேரம் அடுப்பில் சோறு பொங்கியது. மூலையில் சிவப்பு இருந்தது. மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று எழுந்து போனேன்.

அப்போதுதான் கணவர் பொரளை ஆஸ்பத்திரியிலிருந்து மாமியின் ரிப்போர்ட்டோடு வந்தார்.

"கட்டி நல்லதில்லையாம். கெதியா ஒப்பரேஷன் செய்யோணுமாம்."

"மாமிக்கு இப்ப சொல்ல வேண்டாம்," என்றேன்.

"எனக்கு என்னத்தைச் சொல்ல வேண்டாம், பிள்ளை?" என்றது லெப்டொப்பிலிருந்து மாமியின் குரல்.

மறுநாள் அலுவலகத்தில் கணினி பார்ப்பவரிடம் கேட்டேன். "அட்மின் இல்லாட்டி அது சொல்லும் மிஸ், நிப்பாட்டாது," என்றார்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது செபம் முடிந்ததும் அழைப்பை நானே துண்டித்து, சிவப்பு மறைந்ததைப் பார்த்த பிறகுதான் எழுகிறேன். ரிப்போர்ட் வந்தால் உறையைப் பிரிக்காமல் மாமியிடம் கொடுக்கிறோம். அவர் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, எங்களுக்கு எதைச் சொல்லலாம் என்று யோசிக்கிறார்.