ஆடு எண்ணுகிற வேலை

மீன்சுருட்டி அய்யம்பெருமாள் லேசில் எதையும் நம்பமாட்டார். முந்திரிக்கொட்டை விற்கப் போனால் தராசுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் விழுங்குவார். அப்படிப்பட்டவரின் ஒரே மகள் சுவாதி, இமாச்சலத்தில் ஸ்பிட்டி பக்கம் ஒரு தேசியப் பூங்காவில், ஐபெக்ஸ் என்ற மலையாட்டை எண்ணுகிற வேலை பார்ப்பதாகச் சொன்னாள். இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கப் போகிறாளாம்.

"ஆடு எண்ணறதுக்குச் சம்பளமா? நானும் முப்பது வருஷமா நம்ம பட்டியில எண்ணறேன், எவன் குடுத்தான்?"

டீக்கடையில் வேறு வாயைக் கிளறினார்கள். "ஏம்ப்பா, உம் பொண்ணு ஆட்டத்தான் எண்ணுதா, இல்ல ஆரையாச்சும்..."

முடிக்கவில்லை. முடிக்காததுதான் அவரைக் குடைந்தது.

சுவாதியைப் பெண் கேட்டிருந்த உடையார்பாளையத்து மாப்பிள்ளை வீட்டார் ஆவணிக்குள் பதில் கேட்டிருந்தார்கள். "நேர்ல பாத்துட்டு வரேன். பொய்யின்னா கையோட கூட்டியாந்துடுவேன்" என்று மனைவி ஆண்டாயியிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும் உயரம். கண்ணுக்கெட்டிய வரை மரமே இல்லை. சுவாதியின் அறை வாசலில் பெரிய பூட்ஸ் ஒரு ஜோடி கிடந்தது.

"இது யாருது?"

"என்னோடதுதாம்ப்பா. மூணு சாக்ஸ் போட்டுல்ல மாட்டணும்."

காலை விட்டுக் காட்டச் சொன்னார். காட்டினாள். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தார்தான். ஆனாலும் கதவுக்குப் பின்னால் ஒருதரம் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை இருவரும் மலையேறினார்கள். காட்டு ரோஜா, தரையோடு ஒட்டிக் கிடக்கும் முள்மெத்தை என்று வழியெல்லாம் அவள் செடிகளைக் காட்டிக்கொண்டே வந்தாள்.

"செடி கெடக்கட்டும். ஆடு கடிச்ச தடமே காணுமே?"

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் புழுக்கை கிடந்தது. எடுத்து நசுக்கி மோந்து பார்த்தார். ஈரம் காயவில்லை; காலையில் போட்டதுதான். அதற்குப் பிறகு அவரே முன்னால் நடந்தார்.

எதிர்ச்சரிவில் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. சுவாதி தொலைநோக்கியில் எண்ணி, நோட்டில் இருபத்துமூன்று என்று எழுதினாள். அவரும் கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"தப்பு."

"ரெண்டு தடவ எண்ணிட்டேம்ப்பா."

"ஓரமா நிக்கிற பொட்ட ஆட்டப் பாரு. மடி கனத்துக் கெடக்கு. மேயாம அந்தப் பாறையவே திரும்பித் திரும்பிப் பாக்குது. குட்டி எங்க?"

"பனிச்சிறுத்தை அடிச்சிருக்கும்."

"அடிச்சிருந்தா கத்திக்கிட்டு அலையும். இது காவ காக்குது."

காற்று காதை அறுத்தது. முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பாறைக்குப் பின்னாலிருந்து குட்டி துள்ளி வந்து மடியை முட்டியது.

சுவாதி எண்ணைத் திருத்தினாள். "இந்த வருஷம் குட்டி கொறஞ்சுபோச்சுன்னு ரிப்போர்ட் எழுத இருந்தேம்ப்பா."

"மத்த மலையிலயும் இப்படித்தான் எண்ணுனியா?"

அவள் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினாள்.

கீழே, சுவாதி தங்கியிருந்த ஊருக்கு இறங்கி வந்ததும் ஆண்டாயி போன் செய்தாள். "என்னங்க, பொய்தானா?"

"ஆடு நெசந்தான். இவ கணக்குதான் பொய்யி."

"அப்பக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க."

"எப்புடிடி வர முடியும்? மொதல்லேர்ந்து எண்ணணும். ரெண்டு வருஷம் ஆவும்னு மாப்ள வூட்டுல சொல்லிடு."

போனை வைத்துவிட்டு மகளிடம் கேட்டார்: "நாளைக்கு எந்த மலை?"