மடியில் இருந்த சாவி

விசுவாசத்தில் என் உடன்பிறப்புகளான உங்கள் எல்லாருக்கும், தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் சூசையம்மாள் எழுதிக்கொள்வது. என் செபம் கேட்கப்பட்டது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. முதல் தடவை கேட்கப்பட்டது நல்ல செபம் அல்ல. அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது. அதனால் கெட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

தாலுகா போர்டுகளைக் கலைத்துப் பள்ளிக்கூடங்களை ஜில்லா போர்டின் கையில் கொடுத்தார்கள் அல்லவா, அதற்கு மறு வருஷம். பருத்தி விலை விழுந்து கிடந்த காலம். போர்டில் சிக்கனம், சிக்கனம் என்று ஒரே பேச்சு. எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் வேலை பார்த்தோம். ஆடி மாதம் ஒரு நாள் தலைமை வாத்தியார் சங்கரலிங்கம் என்னைக் கூப்பிட்டு ஒரு உத்தரவைக் கொடுத்தார். வாசித்துச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மூவரில் ஒருவர் வேண்டாமாம். அந்த ஒருவர் நான்.

பதினோரு வருஷம் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். மதுரையில் கன்னியர் மடத்தில் இருந்து ட்ரெயினிங் முடித்தவள். என் வீட்டுக்காரர் காலராவில் தவறிப்போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஒன்பது வயதில் ரோசலி என்று ஒரு மகள். அந்த வேலையைத் தவிர எங்கள் இருவருக்கும் வேறு ஆதாரம் கிடையாது. ஆனாலும் அழாமல்தான் வீட்டுக்கு வந்தேன். சிக்கனம் என்றால் சிக்கனம், ஊருக்கெல்லாம் வந்த கஷ்டம் எனக்கும் வந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அதே இடத்துக்கு, அதே பெண்பிள்ளைகள் வகுப்புக்கு, ஒரு புது வாத்தியாரம்மாவைப் போட்டார்கள். பெயர் காமாட்சி. போர்டு மெம்பருக்குச் சொந்தக்காரப் பெண். எட்டாவது பாஸ், அவ்வளவுதான். ட்ரெயினிங் கிடையாது. புருஷன் கண்டிச் சீமைக்குப் போனவன் திரும்பவில்லை என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தாலும் நான் இரங்கியிருக்க மாட்டேன். அப்போது எனக்கு இருந்த கோபம் அப்படி.

போர்டுத் தலைவருக்கு மனு எழுதிப் போட்டேன். பிறகு இன்னொரு காரியமும் செய்தேன். பள்ளிக்கூடத்து வேலையில் சார்ஜ் கொடுப்பது என்று ஒன்று உண்டு. போகிறவர் ரிஜிஸ்தர், சிலேட்டு, அலமாரி எல்லாவற்றையும் ஜாபிதா எழுதி ஒப்படைத்து, சாவியைக் கொடுக்க வேண்டும். வருகிறவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நான் சார்ஜ் கொடுக்கவில்லை. "எம் மனுவுக்குப் பதில் வரட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, அலமாரிச் சாவியைச் சேலை மடியில் முடிந்துகொண்டேன். சங்கரலிங்கம் சாருக்குப் பூட்டை உடைக்கத் தைரியம் இல்லை. "ஒடைச்சா ரிப்போர்ட் எழுதணும்மா, எந்தலையில்ல போகும்" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது.

காமாட்சி வேலையில் சேர்ந்த திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, நான் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். குனிந்து ஒரு கை மண்ணை வாரினேன். "என் வயித்துல அடிச்சவ இந்த நாக்காலியில ஒக்காந்து வெளங்க மாட்டா!" என்று கத்தி, அந்த மண்ணை அவளைப் பார்த்துத் தூற்றினேன். ஞானஸ்நானம் பெற்ற வாயால் அதைச் சொன்னேன். காமாட்சி தலையில் விழுந்த மண்ணைத் தட்டக்கூடச் செய்யாமல் உள்ளே போய்விட்டாள்.

அதோடு விட்டேனா? வானதூதரான மிக்கேல் சம்மனசின் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கோயிலில் சம்மனசின் சுரூபம் வாளை ஓங்கியபடி, பேயைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்கும். திருநாளுக்கு முந்தின ஒன்பது நாளும் சாயந்திரம் ரோசலியைக் கூட்டிக்கொண்டு போய் மெழுகுதிரி கொளுத்தினேன். மற்றவர்கள் சுகம் கேட்டார்கள், மழை கேட்டார்கள். நான், "அவள் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது" என்று வாய்விட்டே கேட்டேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ரோசலி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, சம்மனசு அந்த வாத்தியாரம்மாவ வெட்டிருமா?"

பேசாமல் செபம் செய் என்று அதட்டினேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் காமாட்சிக்குக் காய்ச்சல் கண்டது. வகுப்பில் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் நடுங்கினாளாம். அவள் அண்ணன் மாயாண்டி வந்து தூக்கிக்கொண்டு போனானாம். கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. சந்தோஷப்பட்டேன். மறைத்து என்ன ஆகப் போகிறது?

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் தாங்கவில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள், சொல்லிவைத்த மாதிரி உச்சிப்பொழுதில், அவளுக்கு நடுக்கம் வந்தது. மலைக்காய்ச்சல் என்றார்கள். மழை ஓய்ந்த பிறகு அடிவாரத்தில் அந்தக் காய்ச்சல் வருவது வழக்கம்தான். ஆனால் ஊர் அப்படிச் சொல்லவில்லை. மண் தூற்றியதால் வந்தது என்றது. நான் தண்ணீருக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி என்னைக் கண்டதும் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினாள். அந்த நாற்காலியைத் தொடப் பிள்ளைகள் பயந்தன. பயந்து ஒதுங்கியவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. சம்மனசின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கே பயமாக இருந்தது. நான் கேட்டேன், அவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார், எங்கே நிறுத்துவார் என்று தெரியவில்லை.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமானது. அடிவாரப் பள்ளிக்கூடங்களில் காய்ச்சல் காலத்துக்கு என்று சர்க்காரில் கொய்னா மாத்திரை கொடுத்து வைப்பார்கள், போஸ்டாபீசிலும் விற்பார்கள். எங்கள் டப்பா அந்த அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. ஒரு நாள் காலை சங்கரலிங்கம் சார் என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"போஸ்டாபீசுல கொய்னா தீந்துபோச்சாம்மா. எப்ப வரும்னு தெரியலங்குறாக. நம்ம அலமாரியில ஒரு டப்பா இருந்துச்சே?"

"அது போன மழைக்கே தீந்துருச்சு சார்."

சொல்லிவிட்டேன். சாவி இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது. டப்பா பாதிக்குமேல் நிறைந்திருந்தது எனக்குத் தெரியும். மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்று பிற்பாடு கோயில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அதுவும் பொய். அதற்கு ஒரு தடவை மறுபடி முழங்காலிட வேண்டியிருந்தது.

மறுநாள் மத்தியானம் காமாட்சியின் தாய் வீராயி வந்தாள். வாசற்படி ஏறவில்லை. வெயிலிலேயே நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கை மண்.

"வாத்தியாரம்மா, நீங்க தூத்துன மண்ணு இது. அன்னைக்கே கூட்டி அள்ளி வச்சிருந்தேன். தூத்துனவுக கையாலயே எடுத்த எடத்துல போட்டா எறங்கிரும்னு வெவரந்தெரிஞ்சவுக சொன்னாக. நேத்து எம்மக என்னையவே யாருன்னு கேட்டா ஆத்தா. ஒங்க கால்ல விழுகுறேன், அவள விட்டுருங்க."

அந்த மண்ணைப் பார்த்தேன். அதில் ஒரு சாக்பீஸ் துண்டு கிடந்தது. நான் பாடம் எழுதித் தேய்ந்த துண்டாகக்கூட இருக்கலாம். அவள் கேட்டது மண்ணைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லித்தான். மருந்து என் மடியில் பூட்டிக் கிடப்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் சர்வேசுரனுக்கும் மட்டும்தான் தெரியும். நாற்காலியில் காமாட்சியை உட்காரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது சம்மனசின் வாள் அல்ல, இந்தச் சாவிதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

இரண்டு கையையும் ஏந்தி மண்ணை வாங்கினேன். பள்ளிக்கூட வாசல்வரை அப்படியே நடந்தேன். வழியில் கதவுகள் சாத்தப்பட்டன. எடுத்த இடத்தில் மண்ணைப் போட்டேன். பிறகு உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். சங்கரலிங்கம் சார் டப்பாவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

காமாட்சியின் வீட்டு வாசலில் மாயாண்டி மறித்தான்.

"மண்ணு வாரித் தூத்துன கையி. அதுல வாங்கித் திங்க எந்தங்கச்சி என்ன நாதியத்தவளா? அங்கனயே நில்லுங்க!"

நான் ஒரு மாத்திரையை எடுத்து என் வாயில் போட்டுத் தண்ணீரில்லாமல் விழுங்கினேன். கசப்பு தொண்டையில் நின்றது. வீராயி என் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

என்னை உள்ளே விடவில்லை. எதிரே ஒரு புங்கமரம் இருந்தது. அதன் அடியில் செபமாலையோடு உட்கார்ந்தேன். பகலெல்லாம் அங்கே இருப்பேன், பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போவேன். என் இரண்டாவது செபம் அங்கேதான். "ஆண்டவரே, முன்னே கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அவளை எழுப்பி அந்த நாற்காலியில் உட்கார வையும். எனக்கு அது வேண்டாம். நீரே கொடுத்தாலும் வேண்டாம்." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அடுத்த முறை உச்சிப்பொழுதில் நடுக்கம் வந்தது. முன்னைவிடக் கடுமையாக வந்தது. அவள் அலறியது தெருவெல்லாம் கேட்டது. மாயாண்டி கம்பை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தான். "ஏலே, உள்ள வாடா! அவுக மேல கை வச்ச, ஒன்னைய மகன்னு பாக்க மாட்டேன்" என்று வீராயி கத்தினாள். அவன் நின்றான். நான் ஓடவில்லை. காமாட்சி செத்துவிட்டால் என்னுடைய இந்தக் கையால்தானே என்று மட்டும் நினைத்தேன்.

அதற்கடுத்த முறை வரவேண்டிய நாள். வெயில் உச்சிக்கு ஏறியது. உள்ளே சத்தமில்லை. சத்தமில்லாததே பயமாக இருந்தது. மரத்தின் நிழல் என் காலைவிட்டு நகர்ந்து எதிர்ச்சுவர் பக்கம் போனது. ஒருவரும் வெளியே வரவில்லை. முடிந்துவிட்டது என்றே எண்ணி, மரித்தவர்களுக்கான செபத்துக்கு வாயெடுத்தேன்.

வீராயி வாசலுக்கு வந்தாள். "இன்னைக்கு நடுங்கலத்தா. கஞ்சி கேக்குறா" என்றாள். நான் தரையில் முகத்தை வைத்து அழுதேன். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

கார்த்திகை பிறந்து காமாட்சி வேலைக்கு வந்த பிறகு சார்ஜ் கொடுத்தேன். மெலிந்துபோய், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜாபிதாவை ஒவ்வொன்றாக வாசித்தாள். "கொய்னா டப்பா, ஒண்ணு" என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"இது எம்புட்டு நாளா உள்ள இருந்துச்சு?"

பொய் சொல்ல வாய் ரொம்பப் பழகியிருந்தது. ஆனாலும், "நீ படுத்த அன்னைக்கும் இருந்துச்சு. எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் மேலிடத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், என் ட்ரெயினிங் பத்திரமே பறிபோயிருக்கும். கையெழுத்துப் போட்டாள். "எங்காத்தாகிட்டச் சொல்லிறாதீக. அவ ஒங்களைய நம்புறா" என்றாள். அதைவிடப் பெரிய தண்டனையை எந்தச் சுவாமியாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

கதை அங்கே முடியவில்லை. மாசி மாதம், தவசுகாலத்தில், போர்டிலிருந்து என் பழைய மனுவுக்குப் பதில் வந்தது. ட்ரெயினிங் இல்லாதவரை நியமித்தது செல்லாது, சூசையம்மாள் உடனே வேலையில் சேரவும் என்று எழுதியிருந்தது. முதல் செபம் அப்போதும் பலித்துக்கொண்டுதான் இருந்தது! படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. வீட்டிலோ ரோசலிக்கு ஒருவேளைக் கேழ்வரகுக் கூழ்தான். மூன்று நாள் அந்தக் காகிதத்தைச் சாவி இருந்த அதே மடியில் முடிந்து வைத்துக்கொண்டு அலைந்தேன். "கையெழுத்துப் போட்டாப் போதும்மா" என்றார் சங்கரலிங்கம் சார். புங்கமரத்தடியில் நான் சொன்னது அவருக்குத் தெரியாது.

மூன்றாம் நாள், எனக்கு வேண்டாம், காமாட்சியை ட்ரெயினிங்குக்கு அனுப்பி அவளையே வைத்துக்கொள்ளுங்கள் என்று போர்டுக்கு எழுதினேன். தபாலில் சேர்த்த பிறகுதான் அன்றைக்கு ஒழுங்காக மூச்சுவிட்டேன். அதுதான் மூன்றாவது செபம் கேட்கப்பட்ட நேரம். அந்த மூன்று நாளும், கொடுத்த வாக்கை நிறைவேற்றப் பலம் கொடும் என்று கேட்டிருந்தேன்.

காமாட்சி ட்ரெயினிங் முடித்து இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். எனக்கு ஒரு வருஷம் ரொம்பக் கஷ்டம். பிறகு சுவாமியார், ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக்காரர் பிள்ளைகளுக்கு என்று மலையடியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் தொடங்கி என்னை வேலைக்கு வைத்தார். கூரை ஒழுகும். பத்துப் பிள்ளைகள் வந்தால் அதிகம். கொய்னா டப்பா திறந்த ஜன்னலில் இருக்கிறது, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் பூட்டே கிடையாது.

பிரியமானவர்களே, வேலை போனவர்கள் உங்களில் இருக்கலாம். உங்கள் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கலாம். நம்பிக் கேளுங்கள், ஆண்டவர் கேட்கிறார். நான் பார்த்திருக்கிறேன். அவர் கேட்கிறார் என்பதனால்தான், வாயைத் திறக்குமுன் கொஞ்சம் பயப்படுங்கள் என்றும் சொல்கிறேன். உங்கள் மடியில் என்ன முடிந்திருக்கிறது என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். மிக்கேல் சம்மனசின் நவநாளுக்கு வருஷந்தோறும் போகிறேன். வாள் ஓங்கியபடியேதான் இருக்கிறது. மெழுகுதிரி கொளுத்தி, காமாட்சியின் பெயரை முதலில் சொல்லுகிறேன். ரோசலியின் பெயர் அதற்குப் பிறகுதான்.